நூற்றெட்டுக் கடவுச்சொற்கள்

எங்கள் கம்பெனியின் ஆய்வுப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணை, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சொல்லிவிட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைகளைத் தாண்டி வெளியே போனாள். அறையில் அப்போது ஒன்பது பேர் இருந்தோம். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒன்பதில் நானும் ஒருவன்.

துவாக்குடியில் பாய்லர் குழாய்களை வளைத்து வெல்டு செய்து அனுப்பும் கம்பெனி எங்களுடையது. வேறோர் இடத்தில் முப்பத்து நான்கு வருஷம் ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். இங்கே பதினோரு வருஷம் ஆகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து துவாக்குடி, ஆக இரண்டு பஸ். வயது எழுபத்தொன்று. கல்லூரியில் கணக்கை எடுத்துப் படித்துத் தேறியவன். சொல்லிக்கொள்ள இப்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். எங்களிடம் ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் அந்தக் குழாயைக் கம்ப்யூட்டரில் ‘நிறுத்தம்’ என்று பதிவார்கள். குழாயில் ஒரு சிவப்பு அட்டையும் கட்டுவார்கள். குறையைச் சரிசெய்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துத் தேறிய பிறகுதான் நிறுத்தத்தை நீக்கலாம். நீக்கும் உரிமை நான்கு பேருக்கு உண்டு. அவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பதினான்கு குழாய்களின் நிறுத்தம் அவள் பெயரில் நீக்கப்பட்டிருந்தது. மறு எக்ஸ்ரே ஒன்றுகூட எடுக்கவில்லை. லாரியில் ஏற்றுகிற நேரத்தில் ஒரு லோடுமேன், சிவப்பு அட்டை தொங்குகிறதே, இதை ஏற்றலாமா என்று கேட்டதால் குழாய்கள் கீழே இறங்கின. அந்த லோடுமேனுக்கு நான் தினமும் மனதுக்குள் ஒரு நன்றி சொல்கிறேன். குறை உள்ள குழாய் ஏதோ ஓர் ஊரில் கொதிக்கிற அழுத்தத்தில் பிளந்திருந்தால், பக்கத்தில் யார் நின்றிருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அவள் சொன்னது ஒன்றுதான். அந்த நேரத்தில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், நான் நீக்கவில்லை, என் கடவுச்சொல்லை யாரிடமும் சொன்னதும் இல்லை. எம்.டி. அதற்குச் சொன்ன பதிலை அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனியே மனப்பாடம் செய்துவிட்டது.

“நீ செஞ்சிருந்தா அது தப்பு. வேற யாரோ செஞ்சிருந்தா உன் பாஸ்வேர்ட் அவங்க கைக்கு எப்படிம்மா போச்சு? அதுவும் உன் தப்புதானே?”

அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை என்று முடிவாயிற்று. ஒன்பது நாள் இருந்தது.

அவள் மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். டிப்ளமா படித்துவிட்டு, திருவெறும்பூரில் வாடகை வீட்டில் கணவனோடும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் இருந்தாள். இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நடந்தது மறுநாளே இன்னொரு கம்பெனியின் கேட்டில் தெரிந்துவிடும். எக்ஸ்ரே பதிவைத் திருத்தியவள் என்ற பெயரோடு வெளியே போனால் எந்தக் கேட்டும் அவளுக்குத் திறக்காது. இது எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். அவளுடைய அந்தக் கடவுச்சொல்லைச் செய்து கொடுத்தவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடவுச்சொல் குறைந்தது எட்டு எழுத்து இருக்க வேண்டும். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஐந்து முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். ஜனங்கள் தவித்துப்போனார்கள். கீபோர்டைத் தூக்கினால் அடியில் துண்டுச் சீட்டு. ஒருவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, கை கழுவியதும் மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தார். நான் எதையும் எண்ணி எழுதி வைக்கிறவன் என்று பெயர் எடுத்திருந்ததால், மறக்காத மாதிரி ஒன்று சொல்லுங்க சார் என்று என்னிடம் வந்தார்கள்.

ஒரு மதிய உணவு நேரத்தில் யோசித்து வழி கண்டுபிடித்தேன். சொந்தப் பிறந்த நட்சத்திரத்தை யாரும் மறப்பதில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவனை நான் பார்த்ததே கிடையாது. ஆகவே ஆங்கில எழுத்தில் நட்சத்திரத்தின் பெயர், முதல் எழுத்து பெரியது; அடுத்து ஒரு குறி; கடைசியில் பாதத்தின் எண். பாதம் தெரியாதவர்களுக்கு ஜாதகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறியை மட்டும் மாற்றினால் போதும். எந்தக் காலாண்டுக்கு எந்தக் குறி என்றும் சொல்லிவிட்டேன். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஆங்கில எழுத்தை நிர்ணயித்து ஒரு தாளில் எழுதினேன். மகம் மட்டும் ஓர் எழுத்துக் குறைந்து ஏழில் நின்றது. நடுவில் ஓர் எழுத்தைச் செருகி அதையும் எட்டாக்கினேன். அன்று அதை ஒரு சாதனை என்றே நினைத்தேன். நேரில் வந்து கேட்டவர்கள் நாற்பத்தாறு பேர். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். துண்டுச் சீட்டுகள் மறைந்தன.

மருங்காபுரிப் பெண் அந்த நாற்பத்தாறில் ஒருத்தி. சதயம், மூன்றாம் பாதம்.

அவளை அனுப்பிய திங்கட்கிழமையே எங்கள் சிஸ்டம் அட்மின் எம்.டி. அறைக்குப் போனார். பாலக்கரையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி அவர். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். எல்லோரும் சிஸ்டம் மேடம் என்று கூப்பிடுவோம். எல்லோருடைய கடவுச்சொற்களும் எவ்வளவு பலமானவை என்று ஒரு சோதனை நடத்த வேண்டும் என ஒரு வருஷமாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். வேலை கெடும் என்று எம்.டி. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சோதனை எப்படி என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டர் நம் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லையாம். அரிசியை அரைத்து மாவாக்குவது மாதிரி அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் வேறு அரிசியைக் கொண்டுவந்து அரைத்துப் பார்த்து, இந்த மாவும் அந்த மாவும் ஒன்றுதானா என்று ஒப்பிடலாம். ஒன்றாக இருந்தால் அரிசி அகப்பட்டுவிட்டது. அவர் எங்கள் நூற்று முப்பத்தொரு பேருடைய மாவையும் எந்த இணைப்பும் இல்லாத ஒரு தனிக் கம்ப்யூட்டரில் போட்டு அறையைப் பூட்டிக்கொண்டார். எந்தக் கடவுச்சொல் யாருடையது என்று தனக்கே தெரியாதபடி பெயர்களுக்குப் பதில் எண் போட்டிருந்தார். அந்த நாணயம் எனக்குப் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் முதல் கணக்கு வந்தது. பத்தொன்பது விழுந்திருந்தன. கம்பெனியின் பெயரோடு வருஷத்தைச் சேர்த்தது ஏழு, வண்டி நம்பர் நான்கு, சமயபுரம் மாரியம்மன் பெயரில் மூன்று, மிச்சம் ஏதேதோ. நூற்று முப்பத்தொன்றில் பத்தொன்பதுதான் என்றதும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. என் நட்சத்திரங்கள் நின்றுவிட்டன என்று நினைத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்தப் பெண்ணின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிப் பெருமைப்பட்டேன்.

வியாழக்கிழமை காலை சிஸ்டம் மேடம் என் மேஜைக்கு வந்து, ஒரு சந்தேகம், வாங்க என்று தன் அறைக்கு அழைத்துப் போனார். கையில் ஒரு தாள்.

“ரேவதி, ரோகிணி, சுவாதி. இப்படியே விழுந்துச்சு சார். நம்ம ஆம்பளைங்களுக்கு இத்தனை பேர் மேல ஆசையான்னு நானே சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பூரட்டாதி விழுந்துச்சு. பூரட்டாதின்னு எந்த வீட்லயாவது பொண்ணுக்குப் பேர் வைப்பாங்களா?”

நான் சிரிக்கவில்லை.

“மொத்தம் எத்தனை சார் நட்சத்திரம்?”

“இருபத்தேழும்மா.”

“கடைசியில ஒரு நம்பர் வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதுக்கு மேல போகவே இல்ல. அது என்ன?”

“பாதம். ஒரு நட்சத்திரத்துக்கு நாலு பாதம்.”

“அப்ப இருபத்தேழு நாலு...”

“நூத்தியெட்டு” என்றேன். மனம் யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. எந்த வாய்ப்பாட்டையும் அப்படிச் சொல்லிப் பழகிய வாய் அது.

அவர் தாளை மேஜைமேல் வைத்தார். “நான் கோடிக்கணக்குல வார்த்தையைப் போட்டு ரெண்டு நாளா அரைச்சுக்கிட்டு இருக்கேன் சார். நூத்தியெட்டு போதுமா இருந்திருக்கு.”

அந்த நூற்றெட்டையும் கொடுத்தபோது எண்பத்தேழு பேருடையது விழுந்தது என்றார். அரைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். நேரமா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள என்றார். நட்சத்திரம் பார்க்காத குடும்பத்தவர் எங்களில் இருபத்தொரு பேர். அவர்களை விட்டால் மீதி நூற்றுப்பத்துப் பேரில் எண்பத்தேழு.

எழுத்து எட்டு இருக்கிறதா என்று எண்ணினேன். பெரிய எழுத்து ஒன்று, குறி ஒன்று, எண் ஒன்று என்று எண்ணினேன். சுற்றறிக்கை எண்ணச் சொன்னதையெல்லாம் எண்ணினேன். அப்படி மொத்தம் எத்தனை கடவுச்சொல்தான் செய்ய முடியும் என்பதை மட்டும் எண்ணவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற பெருக்கல்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வருஷா வருஷம் சமயபுரத்தில் பூச்சொரிதலின்போது எங்கள் கம்பெனியிலிருந்தும் பூத்தட்டு போகும். தொழிலாளிகள் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை உண்டு. அதற்காகப் பெயர், நட்சத்திரம், ராசி என்று ஒரு பட்டியல் தயார் செய்து, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். விழா முடிந்தும் அதை யாரும் கிழிப்பதில்லை. அடுத்த வருஷத்துப் பட்டியல் அதன்மேல் ஒட்டப்படும். ஆறு வருஷமாக அந்தப் பட்டியலைத் தயார் செய்கிறவனும் நான்தான். பாதம் மட்டும் அதில் இருக்காது.

ஆகவே ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைய, கேன்டீனில் டீ வாங்கும்போது தலையைக் கொஞ்சம் திருப்பி அவர் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். மிச்சம் இருப்பது பாதம். நான்கு முறை முயன்றால் தீர்ந்தது. பூட்டு விழுவது ஐந்தாவது முறை.

இதைச் சிஸ்டம் மேடத்திடம் சொன்னபோது அவர் உடனே இன்னொரு கம்ப்யூட்டரைத் திறந்து வெள்ளிக்கிழமைப் பதிவைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் பெயரில் நுழைந்தது இரண்டாம் ஷெட்டில் எல்லோரும் புழங்கும் கம்ப்யூட்டரிலிருந்து. அதற்கு முன்னால் இரண்டு முறை தப்பான கடவுச்சொல். மூன்றாவது முறை திறந்திருக்கிறது.

ஒன்றாம் பாதம், இரண்டாம் பாதம், மூன்றாம் பாதம்.

இந்த ஏற்பாடு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது வழக்கம்போல விளக்குக் கம்பங்களை எண்ண ஆரம்பித்து, நடுவில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பதினோரு வருஷத்தில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. என் கவலை இரண்டாகப் பிரிந்து நின்றது. கண்டுபிடித்ததைச் சிஸ்டம் மேடம் எப்படியும் எம்.டி.யிடம் சொல்வார். ஆனால் எம்.டி. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இப்படி எளிதான ஒன்றை வைத்துக்கொண்டது அவள் தப்பு என்பார். அவள் தானாக வைத்துக்கொள்ளவில்லை, ஆபீஸிலேயே வயதில் மூத்தவன் ஒருவன் இதுதான் சரி என்று சொல்லிக் கொடுத்தான் என்று யாராவது சொன்னால்தான் அந்தத் தப்பு அவள்மேலிருந்து இறங்கும். அதைச் சொன்னால், எழுபத்தொரு வயதில் வருஷத்துக்கு வருஷம் நீட்டிக் கொடுக்கிற என் வேலை, அந்த வருஷத்தோடு சரி.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “நீங்க சொல்லலேன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். சொன்னேள்னா நீங்க நாள் பூரா ஆத்துலயே இருப்பேள். ரெண்டாவதை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு. ஆனாலும் போய்ச் சொல்லிடுங்கோ.”

மறுநாள் காலை துவாக்குடி பஸ்ஸில் ஏறித் திருவெறும்பூரிலேயே இறங்கினேன். விசாரணையில் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. விலாசம் விசாரித்துப் போனபோது மணி ஏழே முக்கால். அவள் கணவன் ஒரு கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்; கிளம்பிக்கொண்டிருந்தார். மகள் யூனிஃபார்மில் நின்றாள். மருங்காபுரிப் பெண் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் கணவன் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு வெளியே போய் வண்டியருகே நின்றுகொண்டார். அது நியாயம்தான்.

அவள் மகளைக் காட்டினாள்.

“இவகிட்ட எப்பவாவது சொல்லியிருப்பேனோன்னு, திங்கக்கிழமை இவளை அடிச்சுக்கூடக் கேட்டேன் சார். இல்லம்மா இல்லம்மான்னு அழுதா.”

அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது. மன்னித்துக்கொள் அம்மா என்று குழந்தையிடம்தான் சொன்னேன். அது வேகமாகத் தலையாட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போயிற்று.

வாசல்வரை வந்த அவள் ஒன்று சொன்னாள். சிரித்தாளா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

“சதயத்துக்கு இந்த வருஷம் பெரிய மனுஷர் ஒருத்தரால சங்கடம் வரும்னு ஜோசியர் சொன்னாரு. நான் எம்.டி.ன்னு நினைச்சுட்டேன் சார்.”

கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாகக் கேன்டீனுக்குப் போய்ப் பட்டியலைக் கிழித்தேன். ஆறு வருஷத்துத் தாள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கெட்டியாக வந்தது. பிறகு சிஸ்டம் மேடத்திடம் போய், ஏற்பாடு என்னுடையதுதான் என்றேன். தெரியும் சார் என்றார். எப்படி என்று கேட்டேன். நட்சத்திரத்துக்கு எட்டு எழுத்து வரவில்லையென்று நடுவில் ஓர் எழுத்தைச் செருகுகிற பொறுமை இந்தக் கம்பெனியில் வேறு யாருக்கு இருக்கிறது என்றார். ஆனாலும் நீங்களாக வந்து சொல்லும்வரை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று புதன்கிழமைவரை பொறுத்திருக்க நினைத்ததாகவும் சொன்னார். அப்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற கண்ணீர்; யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை எம்.டி. அறையில் ஐந்து பேர். எம்.டி., தர ஆய்வு மேலாளர், சிஸ்டம் மேடம், அந்தப் பெண், நான். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். இரண்டு பக்கம். எம்.டி. நம்பவில்லை. ஜாதகம் பார்த்து யாராவது கம்ப்யூட்டரைத் திறப்பானா என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் கேலிதான் இருந்தது.

சிஸ்டம் மேடம் நான் கிழித்துக் கொடுத்த பட்டியலை மேஜைமேல் விரித்தார். “இதுல முதல் பேர் உங்களோடது சார். திருவோணம். உங்க அனுமதியோட, உங்க பேர்ல நான் முயற்சி பண்ணிப் பார்க்கலாமா?”

பண்ணுங்க என்றார் எம்.டி. அவருக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. இது திறக்காமல் போனால் நாங்கள் சொன்னதெல்லாம் கட்டுக்கதை ஆகிவிடும். முதல் முறை, தப்பு. இரண்டாவது, தப்பு. மூன்றாவது, தப்பு. எம்.டி. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான்காவது முறை திரை மாறி, அவருடைய அன்றைய கடிதங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

எம்.டி. எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “என் ஸ்டெனோதான் இப்படி வச்சுக் கொடுத்தாரு. நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே.” சொல்லி முடித்ததும், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டுவிட்டது. அந்தப் பெண்ணைப் பார்த்தார். “நீயும் இதைத்தானேம்மா ஒன்பது நாளா சொல்லிக்கிட்டு இருக்க” என்றார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைப் பதிவைப் பார்ப்பது சுலபமாயிற்று. மூன்று வருஷமாகக் குறியை மட்டும் மாற்றி ஒரே சொல்லை அடித்துப் பழகியவள் இரண்டு முறை தடுமாறியிருக்க மாட்டாள் என்பதையும் எம்.டி. தானே சொன்னார். அன்று அந்த நேரத்தில் இரண்டாம் ஷெட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வெள்ளிக்கிழமைக்குள் லாரி கிளம்ப வேண்டும் என்ற நெருக்கடி ஆறு பேருக்கும் இருந்தது. யார் என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகத்தால் ஒரு வேலை போக இருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், ஆகையால் அதை எழுத மாட்டேன்.

அவளை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். வராத நாட்களுக்கும் வந்ததாகவே பதிவு. என்னைப் பார்த்து எம்.டி. சொன்னது, இனிமே யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்காதீங்க சார், உங்க வேலையை மட்டும் பாருங்க என்பதுதான். உங்கள் வேலை என்று ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதே அதில் எனக்குக் கேட்டது. திரும்பத் திரும்ப அதை நினைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

சிஸ்டம் மேடம் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் விதியை எடுத்துவிட்டார். அந்த விதிதான் ஜனங்களைச் சுலப வழி தேட வைத்தது, அதில் என் பங்கும் உண்டு சார், சுற்றறிக்கை எழுதினது நான்தானே என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தைகளைக் கோத்து நீளமாக வைத்துக்கொள்ள வேண்டும். வைக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. யாராவது அதிலிருப்பதை அடித்தால் ஏற்காது. இருபத்தேழு நட்சத்திரமும் அதில் முதலில் நிற்கின்றன. பிறகு கம்பெனியின் பெயர், சமயபுரம், மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், மாதங்களின் பெயர்கள். நிறுத்தத்தை நீக்குகிற நான்கு பேருக்கும் கடவுச்சொல்லோடு அவரவர் போனில் வருகிற எண்ணும் வேண்டும். எக்ஸ்ரே பிரிவில் ஒருவர், நட்சத்திரம்தானே கூடாது, ராசி போட்டுக்கலாமா மேடம் என்று கேட்டார். அது பன்னிரண்டுதான் என்று அங்கே உட்கார்ந்திருந்த நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ராசிகளும் அன்றே பட்டியலில் ஏறின.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே சோதனையை நடத்துகிறார். போன முறை நூற்று முப்பத்தொன்றில் ஏழு விழுந்தன. பூஜ்யம் ஆகாதா என்று கேட்டேன். மனுஷங்க இருக்கிற வரைக்கும் ஆகாது சார், இன்ஷா அல்லாஹ், குறையும் என்றார்.

அந்தப் பெண் திரும்பி வந்த வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தோம். இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே போய் உட்கார்ந்து, மேஜையைத் துடைத்தாள். சிஸ்டம் மேடம் வந்து பக்கத்தில் நின்றார். புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டும். என் மேஜை அவள் மேஜைக்கு எதிரே இருக்கிறது. நான் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அவள் அடிக்க ஆரம்பித்தாள். நிதானமாக, நடுநடுவே யோசித்து. கடைசித் தட்டலின் சத்தமும் நின்றது.

“சார்” என்றாள்.

“சொல்லும்மா.” நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எண்ணினீங்களா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “முப்பத்தொண்ணு” என்றேன்.

யாரோ அடக்கமுடியாமல் சிரித்தார்கள். சிஸ்டம் மேடமும் சிரித்துவிட்டு, நீளம் தெரிந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கோம்மா, சாருக்குத் தூக்கம் வரணும் என்றார். மருங்காபுரிப் பெண், அந்த ஒன்பது நாளில் என் பேரில் இருந்த கோபமெல்லாம் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள்: “நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க சார். நான் கூப்பிடுறேன்.”

எழுந்து வெளியே போய், தட்டல் காதில் விழாத தூரத்தில், குடிதண்ணீர்க் குழாயருகே நின்றுகொண்டேன். ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள்.